நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

அன்பு மகனுக்கு,

இறைவன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை என்பது ஒன்றுதான் குறை. அதன் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்தாகிவிட்டது. இதுவும் சரியாக வருமா தெரியவில்லை, ஆனாலும் அனுப்பிவிடுவேன். நீ அங்கேயே வீடு பார்த்துவிட்டாய், ஊர் திரும்பும் எண்ணம் உனக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். நீ கட்டிக்கொள்ளப்போகும் மார்லீன் இங்கே வந்திருந்தபோது சொன்னாள். அம்மாவுக்கான பதிலாக என்னிடம்தான் சொன்னாள். நான் அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன். உன் நிக்காஹ்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் இது நேராக வேண்டும். நேராக்க என்னால் முடியாது, உன்னால்தான் முடியும். கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்கப்போகிறேன். கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று நீ முடிவு செய்வதற்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு இந்தி எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "எங்க அத்தாவுக்கு இந்தி தண்ணி பட்ட பாடு" என்று நீ உன் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வதை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே வந்து மறுத்ததில்லை. நடந்தது இதுதான். சிவகாசியில் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சேர்ந்த இரண்டாம் வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, வடக்கேயிருந்து வரும் ஆர்டர் கடிதங்களை ஒரு கட்டாக என் கையில் கொடுத்தார். "பாய், இனிமே இந்தி லெட்டரெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க. ஒங்களுக்கு வீட்டுலயே அந்தப் பேச்சுதான" என்றார். நம் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு எந்தக் காலத்தில் இருந்தது? உருது தெரியாது, இந்தி தெரியாது. குர்ஆன் ஓத அரபு எழுத்து தெரியும், அவ்வளவுதான். என் பெயரைப் பார்த்து அவராக நினைத்துக்கொண்டார். "இல்லீங்க முதலாளி, எனக்குத் தெரியாது" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் தலையை ஆட்டினேன்.

அந்த சனிக்கிழமையே மதுரைக்குப் போய் இந்தி இலக்கணப் புத்தகம் ஒன்றும் அகராதி ஒன்றும் வாங்கினேன். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில், செய்தித்தாளை அட்டையாகப் போட்டு மறைத்து, போக ஒரு பாடம் வர ஒரு பாடம் என்று படித்தேன். முதல் பதில் கடிதத்துக்கு ஒரு முழு நாள் ஆனது. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். இந்தியில் ஒவ்வொரு பொருளும் ஆணா பெண்ணா என்று தெரிந்தால்தான் வாக்கியம் முடியும். எனக்கு அது எங்கள் விலைப் பட்டியலிலிருந்து மனப்பாடமானது. ராக்கெட் ஆண், கம்பி மத்தாப்பு பெண், பூச்சட்டி ஆண், தரைச்சக்கரம் பெண். இரண்டு வருடத்தில் நன்றாகவே எழுதினேன். முப்பத்தோரு வருடம் எழுதினேன். ஆனால் மகனே, ஒரு வாக்கியம்கூட வாய் திறந்து பேசியதில்லை. சீசனுக்கு முன்னால் வடக்கேயிருந்து வியாபாரிகள் நேரில் வரும் நாளில் எனக்கு வயிற்று வலி வந்துவிடும். அது பொய் வலியும் இல்லை. நிஜமாகவே வலிக்கும்.

மார்லீன் இந்தி படித்தாள் என்று நீ போனில் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டாள். நான் அந்தப் பழைய இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அவள் ஊரில் தமிழ் வகுப்பு இல்லை, இந்தி வகுப்பு இருந்தது. உன் அத்தாவுக்கு இந்தி தெரியும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அத்தா வழியாக அம்மாவிடம் பேசிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒன்றரை வருடம், வேலை முடிந்து சைக்கிளில் போய்ப் படித்திருக்கிறாள். நிக்காஹ்வுக்கு முன்னால் பெண் வந்து தங்குவதா என்று உன் மாமா முகத்தைச் சுளித்தார். "எங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளைய நான் பாக்க வேண்டாமா? நீ பள்ளிவாசல்ல பேச வேண்டியதப் பேசு, போதும்" என்று அம்மாதான் வாயை அடைத்தாள். ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் மார்லீன் கைகூப்பி, தடுமாறாமல், தெளிவாக இந்தியில் வணக்கம் சொல்லி, பயணம் நன்றாக இருந்தது என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வியாபாரக் கடித இந்தி. வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? தங்கள் வருகை கிடைக்கப்பெற்றோம் என்பதுபோல ஒன்று. அவள் ஒரு கணம் யோசித்தாள், பிறகு சிரித்துவிட்டாள். உன் அம்மா பின்னாலிருந்து, "என்ன சொன்னீக, இம்புட்டு சிரிக்கிறா?" என்றாள். வாங்கன்னு சொன்னேன் என்றேன். என் முதல் மொழிபெயர்ப்பு அப்படித்தான் தொடங்கியது.

காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். பாடம் நான் சொல்லித் தரவில்லை, எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்தோம் என்று சொல்லலாம். அவளிடம் நீலத்திலும் சிவப்பிலும் சீட்டுகள் இருந்தன. ஆண் சொல் நீலம், பெண் சொல் சிவப்பு. அவர்கள் டச்சு மொழியிலும் சொற்களுக்கு முன்னால் இரண்டு விதமான ஒட்டு உண்டாம். ஆனால் எந்தப் பொருள் ஆண், எது பெண் என்கிற உணர்வு பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்டதாம். அதனால் சன்னல் ஏன் பெண், கதவு ஏன் ஆண் என்று எனக்கு எவ்வளவு புரியவில்லையோ அவளுக்கும் அவ்வளவு புரியவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவது நமக்குச் சிரமமே இல்லை. அவர்களுக்குச் சாதாரண வாக்கியத்தில் அது இரண்டாவதாக வந்துவிடுகிறது. ஆனால் 'ஏனென்றால்' என்று தொடங்கினால் டச்சிலும் கடைசிக்குப் போய்விடுமாம். அதனால் வகுப்பில் ஒரு தந்திரம்: எந்த வாக்கியத்தைச் சொல்லும் முன்னும் மனதுக்குள் 'ஏனென்றால்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும், வினை தானாக இடத்துக்கு வந்து உட்காரும். மனதுக்குள் சொல்வது சில நேரம் அவள் உதட்டில் அசைவாகத் தெரியும். அவள் சொன்னதெல்லாம் எனக்கு ஒரு காரணம் சொல்வதுபோலவே கேட்டது அதனால்தானோ என்னவோ.

மூச்சை அழுத்திச் சொல்லும் எழுத்துகள் இந்தியில் உண்டு. டச்சிலும் இல்லை, நம்மிடமும் இல்லை. வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்து, அது அசைகிறதா என்று பார்த்துச் சொல்லிப் பழகுவார்களாம். நானும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் தாள் அசையவே இல்லை. முப்பத்தோரு வருட இந்தி. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் எதை ஊதிக்கிட்டிருக்கீக, அடுப்பு இங்கனல்ல இருக்கு" என்றாள். இறந்த காலத்தில் செய்தவனோடு 'நே' என்று ஒரு ஒட்டு சேர்ந்துகொள்ளும், வினை செய்தவனை விட்டுவிட்டுச் செய்யப்பட்ட பொருளின் பின்னால் போய்விடும். நான் புத்தகம் படித்தேன் என்றால் வினை என்னைப் பார்க்காது, புத்தகத்தைப் பார்க்கும். அதில் அவள் வகுப்பில் ஏழு பேரும் விழுந்தார்களாம். நானும் வருடக்கணக்கில் விழுந்தவன்தான். ஆனால் ஓரிடத்தில் நான் அவளுக்கு உதவியாக இருந்தேன். டச்சுக்காரர்களுக்கு 'வைத்திருக்கிறேன்' என்ற பொருளில் ஒரே ஒரு சொல் உண்டு, காசு, அண்ணன், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அது போதும். இந்தியில் அப்படிச் சொல் இல்லாமல் அவள் தவித்தாள். என்னிடம் புத்தகம் இருக்கிறது, எனக்கு இரண்டு அண்ணன்கள், எனக்குக் காய்ச்சல் என்று தமிழில் சொல்லிக் காட்டினேன். இந்தியும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பிரிக்கிறது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் தமிழ் எனக்குப் பாதி தெரியும்போலிருக்கிறதே என்றாள். இந்தியில்தான் சொன்னாள். அந்தக் காலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் வாழ்நாளில் நான் பயப்படாமல் இந்தி பேசிய காலை அது.

ஆனால் மொழிபெயர்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். அவள் காபியில் சர்க்கரை கூடுதல் என்றாள். அம்மாவிடம் அப்படியே சொன்னால் மனம் நோகும் என்று, காபி பிரமாதம் என்கிறாள் என்றேன். அம்மா மறுநாள் இன்னொரு கரண்டி போட்டாள். பிள்ளை கோழி கொத்துற மாதிரி கொத்துது, இப்படிச் சாப்பிட்டா எப்படி என்று அம்மா சொன்னதை, உன்னைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம் என்று மாற்றினேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்வார்கள். வீட்டில் சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். இதில் இன்னொன்றும் உண்டு. அவளை நான் கடைசிவரை மரியாதைப் பன்மையில்தான் கூப்பிட்டேன், கடிதத்தில் அது ஒன்றுதானே எனக்குப் பழக்கம். அம்மா இரண்டாம் நாளே அவளை நீ, வா, போ என்றாள். மார்லீனுக்கு அதன் பொருள் தெரியாது. ஆனாலும் அம்மா கூப்பிட்டால் உடனே எழுந்து போனாள்.

மாடியில் உனக்காக அறை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். நீ போனில் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். அவள் வந்த மூன்றாம் வாரம், சாயங்காலம், சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது. அம்மா அவளை மேலே கூட்டிப்போனாள், நானும் பின்னாலேயே போனேன். "ரெண்டு வருசங்கழிச்சு ரெண்டு பேரும் வந்து இருக்கப்போற ரூம்பு. சன்னல் எந்தப் பக்கம் வேணும்னு அவகிட்டயே கேளுங்க. நாளைக்குக் கொத்தனார்ட்டச் சொல்லணும்" என்றாள். அதை மட்டும் நான் உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தேன். மார்லீன் அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நாங்கள் திரும்பி வரமாட்டோம். அங்கே வீடு பார்த்துவிட்டோம். அவர் உங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். சொல்லவில்லையா?"

யாராவது இந்தியில் பேசினால் நான் முதலில் மனதுக்குள் எழுதிப் பார்ப்பேன், பிறகுதான் புரியும். அன்றைக்கு எழுதிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் அப்படியே உள்ளே போனது. அம்மா, "என்னங்க, என்ன சொல்றா?" என்றாள்.

நான் சொன்னேன்: "கெழக்குப் பக்கம் வச்சாப் போதுமாம்."

மறுநாள் கொத்தனார் கிழக்குச் சுவரில் சன்னலுக்கு இடம் விட்டுக் கல் வைத்தார். அம்மா மார்லீனின் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போய் அந்த இடத்தையும் அவளையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். உனக்கு, உனக்கு என்று. மார்லீன் இறங்கி வந்து நேராக என்னிடம், நீங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. அவர்கள் ஊர்க்காரர்கள் பேச்சில் இனிப்புத் தடவ மாட்டார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய், அது எனக்கு இப்போது பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது. இந்தி வகுப்பில் முதல் நாள், எதற்காக இந்தி படிக்கிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்களாம். கணவனாக வரப்போகிறவரின் அம்மாவோடு பேச என்று சொன்னாளாம். "உங்களோடு பேசத்தான் நான் படித்திருக்கிறேன். அம்மாவோடு பேச இன்னும் படிக்கவே இல்லை" என்றாள். அதன் பிறகு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் உட்காரவில்லை. அடுப்படியில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம், கத்தி, சூடு, போதும், இன்னும் கொஞ்சம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது காபிக்கு "சக்கரை வேண்டாம்மா" என்று அவளே சொன்னாள். அம்மா திடுக்கிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

நீ என்மேல் கோபப்படலாம். ஆனால் இந்தப் பழக்கத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் நீ கணக்கில் மார்க் குறைந்தபோது அம்மாவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினாய். வேலைக்காக அந்த நாட்டுக்குப் போகிறேன் என்று நீ முடிவெடுத்தபோது, கம்பெனி ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறது என்று என்னிடம் சொன்னாய், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் அத்தா என்றாய். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஐந்து என் வாயில் இரண்டாகிவிட்டது. அந்த இரண்டு முடிந்ததும், நீட்டிவிட்டார்கள், இன்னும் இரண்டு என்று சொல்லிவைத்தேன். அவள் இரண்டு இரண்டாக எண்ணிக்கொண்டு செங்கல் வாங்கினாள். எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியாது. உனக்கும் என்னைப் பார்த்து அது வராமல் போயிருக்கலாம். மார்லீனுக்கு அது தெரியும். அவளோடு வாழப்போகிறவனுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: உனக்கும் அவளுக்கும் நடுவில் யாரையும் நிற்கவைக்காதே. நடுவில் நிற்பவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. என்னைப் போலப் பயந்தவனாக இருந்தால் போதும், வீடு முழுக்கப் பொய்யாகிவிடும்.

நான்கு நாளைக்கு முன்னால், மத்தியானம், அம்மா மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐந்தையும் இரண்டையும், சர்க்கரையையும், சன்னலையும், வீட்டையும். தமிழில் சொல்வதற்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"இத அவன் சொன்னானா, அந்தப் பிள்ள சொல்லுச்சா?"

"அந்தப் பிள்ளதான்."

"அந்நிய ஊர்ப் பிள்ள, பாஷை தெரியாத பிள்ள, அது சொல்லிருச்சு. ஒங்களுக்கும் ஒங்க மகனுக்கும் வாயில என்ன?"

சிவகாசியிலிருந்து அச்சாகி வந்த உன் நிக்காஹ் அழைப்பிதழ்க் கட்டு மேசைமேல் பிரிக்காமல் இருந்தது. அவள் அதை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அவன் வாயால் சொல்கிறவரைக்கும் ஒரு பத்திரிகையும் இந்த வீட்டை விட்டுப் போகாது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதுதான் கடைசிப் பேச்சு. உன் மாமா தினம் வந்து பத்திரிகை எங்கே என்று கேட்டுவிட்டுப் போகிறார். கொத்தனார் நாளைக்கு மேல்வரிசைக் கல் வைக்கலாமா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

நிக்காஹ் வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை, அதை நீ தவறாகப் புரிந்துகொள்ளாதே. நேற்றுக்கூட அடுத்த வீட்டம்மாவிடம், அந்தப் பிள்ள சுத்தமான பிள்ள, மனசுல உள்ளது வாயில இருக்கு என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நீ அங்கே இருப்பதுகூட அவளால் தாங்க முடியாத விஷயம் இல்லை என்று நினைக்கிறேன். இதுவும் என் ஊகம்தான். அவள் சார்பில் நான் ஊகித்துச் சொன்னதெல்லாம் போதும். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று அவளிடமே கேள். உனக்கு என்ன தோன்றுகிறது என்று அவளிடமே சொல். அழுதால் அழட்டும். திட்டினால் வாங்கிக்கொள். இடையில் போனை வைத்துவிடாதே.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல போன் செய். இத்தனை வருடம் நான்தான் முதலில் எடுத்து, நல்லா இருக்கியா என்று கேட்டு, நீ சொன்னதில் பாதியை அவளுக்குச் சொல்லி, பிறகு போனைக் கொடுத்தேன். இனிமேல் எடுக்கமாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் எடுக்கமாட்டேன். மணி எவ்வளவு நேரம் அடித்தாலும் நீ வைத்துவிடாமல் காத்திரு. அம்மாவுக்கு முழங்கால் வலி, எழுந்து வர நேரமாகும். வந்து எடுப்பாள். "சொல்லுய்யா" என்பாள்.

சொல்லிவிடு.

அத்தா